சும்மா இருந்த கால்

ஒவ்வொரு முறை புறப்படும் முன்பும் விமானிகள் இருவரும் ஒரு சின்னப் பாடத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொள்வோம். ஓடுபாதையில் ஓடும்போது கோளாறு வந்தால் யார் நிறுத்துவது, எந்த வேகம் தாண்டிவிட்டால் நிறுத்தவே கூடாது, எழும்பிய பிறகு ஒரு இன்ஜின் போனால் எந்தத் திசையில் போவது, எங்கே வந்து இறங்குவது. ஒரு நாளில் நான்கு முறை புறப்பட்டால் நான்கு முறையும் இதே பாடம். சில வருடங்களில் அது மனப்பாடச் செய்யுள் மாதிரி ஆகிவிடும்.

2017 ஜூனில் ஒரு காலை, சென்னையிலிருந்து டெல்லிக்குக் கிளம்பும் முன் அந்தப் பாடத்தை நான்தான் சொன்னேன். ஏர்பஸ் 320 விமானம். நான் துணை விமானி, வலது இருக்கை. அந்தப் பயணத்தில் ஓட்டுகிற முறை எனக்கு. ரேடியோ, செக்லிஸ்ட் எல்லாம் கேப்டனுக்கு. கேப்டன் தூத்துக்குடிக்காரர், விமானப்படையில் இருந்துவிட்டு வந்தவர். நான் முடித்ததும் வழக்கம்போல் தன் பங்குக்கு ஒன்று சேர்த்தார்: "400 அடி வரைக்கும் யாரும் எதையும் தொடுறதில்லை. அதுக்கப்புறமும் அவசரம் இல்லை."

அந்த 400 அடி அவருடைய கணக்கு இல்லை. எங்கள் நடைமுறையிலேயே இருப்பது. தரையிலிருந்து அவ்வளவு உயரம் வரும்வரை எந்த எச்சரிக்கை மணி அடித்தாலும், விமானத்தை நேராகவும் மேலேயும் போக வைப்பது மட்டுமே வேலை. இரண்டாவது வரிதான் அவருடையது. அதற்கு முன் பலமுறை கேட்டிருக்கிறேன், அன்றைக்குத்தான் புரிந்தது.

தென்மேற்குப் பருவக்காற்று. அதனால் 25-ஆம் எண் ஓடுபாதை, மூக்கு மேற்கே, பொழிச்சலூர், அனகாபுத்தூர் பக்கம். முந்தின இரவு மழை பெய்திருந்தது. எடை 73 டன். டெல்லி வரைக்குமான எரிபொருள் முழுக்க உள்ளே இருந்தது. ஓட்டம், வேகம், தூக்கல் எல்லாம் சரியாகவே போயின. சக்கரத்தை உள்ளே இழுக்கச் சொன்னேன். கேப்டன் லீவரை மேலே தள்ளினார். அப்போது உயரம் 200 அடிக்குக் கொஞ்சம் மேல்.

சத்தம்தான் முதலில் வந்தது. லாரி டயர் பக்கத்தில் வெடித்தால் காதும் நெஞ்சும் சேர்ந்து அதிருமே, அப்படி. ஒரு தடவையோடு நிற்கவில்லை. டம், டம், டம் என்று அடுத்தடுத்து. ஒவ்வொரு அடிக்கும் இருக்கை உதைத்தது. விமானத்தின் மூக்கு இடது பக்கம் இழுத்தது. என் வலது கால் அதற்குள், மூக்கை இடமும் வலமும் திருப்பும் ரடர் பெடலை அழுத்தியிருந்தது. நான் யோசித்து அழுத்தியதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டரில் இன்ஜினை அணைத்து அணைத்துப் பழக்கியிருக்கிறார்களே, அந்தக் காலுக்கு அது தெரிந்திருந்தது.

கைக்குத் தெரியவில்லை. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். அந்தச் சத்தம் காக்பிட் முழுவதும் நிறைந்திருந்ததில், அது என் பக்கமிருந்து, வலது பக்கமிருந்து வருவதாக எனக்குப் பட்டது. என் இடது கை, இன்ஜின் சக்தியைக் கூட்டவும் குறைக்கவும் நடுவிலிருக்கும் த்ரஸ்ட் லீவர்களை நோக்கிப் போனது. இரண்டாம் இன்ஜினின் லீவரை, அதாவது வலது இன்ஜினின் லீவரைப் பின்னால் இழுக்கத்தான் போனது. நான் முடிவெடுத்து அனுப்பிய கை இல்லை அது. சத்தம் வருகிறது, நிறுத்து என்று உடம்பு சொன்னதும் கிளம்பிவிட்டது.

லீவர்களின் மேல் கேப்டனின் உள்ளங்கை விரித்தபடி ஏற்கெனவே இருந்தது. என் கையைத் தள்ளிவிடவில்லை, திட்டவில்லை. கேட்டார்:

"எந்தக் கால் சும்மா இருக்கு?"

இடது கால். அதில் அழுத்தமே இல்லை. வலது கால் தொடை நடுங்குகிற அளவுக்கு அழுத்திக்கொண்டிருந்தது. சும்மா இருக்கிற கால் பக்கம்தான் சக்தி இழந்த இன்ஜின். பறக்கக் கற்றுக்கொள்கிற முதல் வருடத்திலேயே சொல்லித்தரும் சூத்திரம் இது. உயிரோடு இருக்கிற வலது இன்ஜின் அந்தப் பக்கத்தை முன்னே தள்ளுவதால் மூக்கு இடதுபுறம் திரும்புகிறது. அதை நேராக்கத்தான் வலது காலால் மிதிக்கிறோம். காது பொய் சொல்லலாம். காலுக்கு வருகிற அழுத்தம் பொய் சொல்லாது.

"இடது கால், சார். இன்ஜின் ஒன்று."

"சரி. இப்ப பறங்க."

நல்ல வலது இன்ஜினை நான் அந்த இடத்தில் இழுத்திருந்தால், 300 அடி உயரத்தில், 73 டன் எடையோடு, கீழே வீடுகள் நெருக்கமாக இருக்கிற இடத்தில், இரண்டு இன்ஜினும் இல்லாத விமானமாக இருந்திருப்போம். அதை மென்மையாகச் சொல்ல வழியில்லை.

இது எனக்கு மட்டும் வந்த தடுமாற்றம் இல்லை. 1989 ஜனவரி 8-ஆம் தேதி இங்கிலாந்தில் கெக்வொர்த் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு போயிங் 737-400 விழுந்தது. இடது இன்ஜினின் விசிறி இறக்கை ஒன்று உடைந்து, அதிர்வும் புகை நாற்றமும் வந்தன. விமானிகள் வலது இன்ஜினை அணைத்தார்கள். அணைத்ததும் அதிர்வு குறைந்தது, புகையும் குறைந்தது. அணைக்கும்போது இடது இன்ஜினின் வேகமும் தற்செயலாகக் குறைந்ததால் வந்த அமைதி அது. சரியானதைத்தான் செய்தோம் என்று நம்பிவிட்டார்கள். இறங்கப்போகும் நேரத்தில் சக்தி கேட்டபோது, அடிபட்ட இடது இன்ஜினும் கைவிட்டது. 126 பேரில் 47 பேர் இறந்தார்கள். 2015 பிப்ரவரி 4-ஆம் தேதி தைபேயில் ஏடிஆர் 72-600 ஒன்று புறப்பட்ட உடனே இரண்டாம் இன்ஜின் சக்தி இழந்தது. கேப்டன் நன்றாக ஓடிக்கொண்டிருந்த முதல் இன்ஜினின் லீவரைப் பின்னால் இழுத்தார். விமானம் கீலுங் ஆற்றில் விழுந்து 43 பேர் இறந்தார்கள். இரண்டு விபத்திலும் ஒரு இன்ஜின் கடைசிவரை நல்ல நிலையில் இருந்தது. கைதான் முந்திக்கொண்டது.

ஒரு இன்ஜின் போனால் விமானம் விழுந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். இரண்டு இன்ஜின் உள்ள பயணிகள் விமானத்துக்குச் சான்றிதழ் கிடைக்க வேண்டுமென்றால், ஒரு இன்ஜின் இல்லாமல், சக்கரம் உள்ளே போன நிலையில், குறைந்தது 2.4 சதவீதச் சரிவில் ஏறிக்காட்ட வேண்டும். 100 மீட்டர் முன்னே போனால் 2.4 மீட்டர் மேலே. கேட்பதற்குக் கொஞ்சமாகத் தெரியும். ஆனால் அது ஏற்றம்தான், இறக்கம் இல்லை. ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் எடையும் வேகமும் இதை மனதில் வைத்துத்தான் கணக்கிடப்படுகின்றன. ஓடுபாதையில் வி-1 என்று ஒரு வேகத்தைச் சத்தமாகச் சொல்வோம். அதற்கு முன் இன்ஜின் போனால் நிறுத்தலாம். அதைத் தாண்டிய பிறகு போனால், மிச்சமிருக்கிற ஓடுபாதையில் நிற்க முடியாது. ஒரே இன்ஜினோடு எழும்புவதுதான் பாதுகாப்பு. அதனால்தான் வி-1 சொன்ன உடனே லீவரிலிருந்து கையை எடுத்துவிடுவோம். நிறுத்தலாமா என்ற ஆசையே கைக்கு வரக்கூடாது என்பதற்காக.

அப்புறம் நடந்தது பெரும்பாலும் பழகிய வேலை. திரையில் வழிகாட்டும் நீலக் குறி நடுவுக்கு வரும்வரை பெடலை அழுத்தி, அந்த அழுத்தத்தைத் தானே பிடித்துவைக்கும் ரடர் ட்ரிம்மைத் திருப்பி, காலின் பாரத்தைக் குறைத்தேன். ஆட்டோபைலட்டைப் போட்டேன். அதைப் போடுவது திறமைக் குறைவு என்று நினைக்கும் பிள்ளைகள் உண்டு. அப்படியில்லை. விமானத்தை அது பிடித்துக்கொண்டால் நம் மூளைக்குப் பாதி இடம் கிடைக்கிறது. அந்த இடம் அந்த நேரத்தில் ரொம்பத் தேவை.

400 அடியைத் தாண்டியிருந்தோம். திரையில் முதல் இன்ஜினின் வெப்ப முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி நின்றது, அதிர்வு எண் எகிறியிருந்தது. சத்தம் இன்னும் விட்டுவிட்டு வந்தது. கேப்டன் வாசித்தார். "த்ரஸ்ட் லீவர் ஒன்று." நான் இடது லீவரின் மேல் கைவைத்தேன், இழுக்கவில்லை. "உறுதிதானா?" அவர் பார்த்தார், என் காலைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "உறுதி." பிறகுதான் மெதுவாகப் பின்னால் கொண்டுவந்தேன். வெடிச் சத்தம் நின்றது. அந்த அமைதி வந்ததும் என் வேலை முடிந்தது போல ஒரு ஆறுதல் வந்தது. கெக்வொர்த்தில் அவர்களுக்கும் இதே ஆறுதல்தான் வந்திருக்கும். ஆனால் இங்கே இடது இன்ஜினின் வெப்பம் இறங்குவதையும், வலது இன்ஜினின் எண்கள் அசையாமல் இருப்பதையும் கேப்டன் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். நின்றுபோன சத்தத்தை அவர் சாட்சியாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதிர்வு குறையவில்லை, உள்ளே ஏதோ உடைந்திருந்தது. எரிபொருளை நிறுத்தும் மாஸ்டர் ஸ்விட்ச்சுக்கும் இதே முறை: அவர் விரல் வைத்தார், "மாஸ்டர் ஒன்று, உறுதியா?" என்றார், நான் பார்த்து "உறுதி" என்றேன், அணைத்தார். சேதம் இருந்ததால் அந்த இன்ஜினின் தீயணைப்புப் பொத்தானையும் அதே மாதிரி உறுதிசெய்து அழுத்தினார். மறுபடி திருப்பிக்கொள்ள முடியாத எந்தச் செயலையும் ஒருவர் மட்டும் செய்வதில்லை. ஒரு கை, இரண்டு ஜோடிக் கண்கள்.

இதற்கிடையில் வேறு ஒரு வாசனை காற்றில் வந்திருந்தது. முடி கருகினால் வருமே, அதோடு கறி தீய்ந்த நாற்றம் கலந்தது. இன்ஜினிலிருந்து எடுக்கும் காற்றுதான் கேபினுக்குள் வருகிறது. கேப்டன், "பருந்து. ரெண்டு பார்த்தேன்," என்றார். நான் எதையும் பார்த்திருக்கவில்லை.

கேபினிலிருந்து அழைப்பு வந்தது. மூத்த பணிப்பெண்ணின் குரல் உயர்ந்திருந்தது, ஆனால் சொன்ன விதம் அருமை. "இடது பக்க இன்ஜின், முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் இடது. பின்னாலிருந்து தீப்பொறி வந்ததை 11-ஆவது வரிசையிலிருந்து பார்த்தார்கள். இப்போது நின்றுவிட்டது." எந்தப் பக்கம், எப்படி நின்று பார்த்தால் அந்தப் பக்கம், எப்போது, இப்போது என்ன நிலை. நான்கும் இருந்தன. கெக்வொர்த் விமானத்தில் கேப்டன் ஒலிபெருக்கியில் வலது இன்ஜின் என்று சொன்னபோது, இடது பக்கம் தீயைப் பார்த்த பயணிகள் இருந்தார்கள். பார்த்தது காக்பிட்டுக்குப் போய்ச் சேரவில்லை. விமானிக்குத் தெரியாமலா இருக்கும் என்ற எண்ணம் யாருக்கும் வரும். இன்ஜின் எங்கள் இருக்கையிலிருந்து தெரியாது என்பதைப் பயணிகள் தெரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்து ஏதாவது பார்த்தால், பணியாளரிடம் பக்கத்தைச் சொல்லிச் சொல்லுங்கள். நாங்கள் சொன்னதற்கு மாறாக இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

கேப்டன் ரேடியோவில், உச்ச அவசர அழைப்பான "மேடே"வை மூன்று முறை சொன்னார். சில விமானிகளுக்கு அந்த வார்த்தையைச் சொல்லக் கூச்சம். அதற்கு ஒரு படி கீழே இருக்கும் பான்-பான் சொல்லிப் பார்ப்பார்கள், அல்லது "சிறு தொழில்நுட்பக் கோளாறு" என்று இழுப்பார்கள். வேண்டாம். இன்ஜின் போயிருக்கிறது, முழு வார்த்தையைச் சொல்லிவிட்டால் வானம் நமக்காகக் காலியாகிறது, தீயணைப்பு வண்டிகள் கிளம்புகின்றன. தேவையில்லை என்று பிறகு தெரிந்தால் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம், யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை.

கட்டுப்பாட்டு அறை கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று, விமானத்தில் எத்தனை பேர் என்பது. வானொலி மொழியில் "ஸோல்ஸ் ஆன் போர்டு" என்றுதான் கேட்பார்கள். எத்தனை ஆன்மாக்கள். எத்தனையோ முறை பயிற்சியில் கேட்ட சொல். அன்றைக்கு அந்தச் சொல்லின் பாரம் தெரிந்தது. இருக்கையில் 176 பேர், மடியில் 3 குழந்தைகள், நாங்கள் 6 பேர், மொத்தம் 185. மடிக் குழந்தைகள் எடைத் தாளில் தனியாகப் போட்டிருப்பார்கள். அவசரத்தில் விட்டுவிடக் கூடிய எண் அது. இப்போது நான் புறப்படும் முன்பே கூட்டி, ஒரு துண்டுத் தாளில் பெரிதாக எழுதிக் கண்ணில் படும்படி வைத்துக்கொள்கிறேன்.

கடலுக்கு மேல் 4,000 அடியில் சுற்றினோம். இங்கேதான் கேப்டன் செய்த இன்னொன்று. அவர் மனதில் என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை. "நீங்க சொல்லுங்க, என்ன பண்ணலாம்?" என்று என்னிடம் கேட்டார். பெரியவர் முதலில் சொல்லிவிட்டால் சின்னவர் தலையாட்டத்தான் செய்வார் என்பது அவருக்குத் தெரியும். நம் ஊர் வளர்ப்பில் அது இன்னும் அதிகம்.

நான் சொன்னேன்: எடை, இறங்க அனுமதித்த அளவைவிட ஏழு டன்னுக்கு அருகில் அதிகம். இந்த விமானத்தில் எரிபொருளை வெளியே கொட்டும் வசதி கிடையாது. கொஞ்ச நேரம் சுற்றி எரித்துக் குறைத்துவிட்டு இறங்கலாம்.

"ரெண்டு பருந்து பார்த்தேன்னு சொன்னேன். ரெண்டும் இடது பக்கமே போச்சுன்னு நமக்குத் தெரியுமா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பறவை கூட்டமாக வந்தால் இரண்டு இன்ஜினுக்கும் போகலாம். 2009 ஜனவரி 15-ஆம் தேதி நியூயார்க்கில் இதே ரக விமானத்துக்கு அதுதான் நடந்தது. வாத்துக் கூட்டம் இரண்டு இன்ஜினையும் அடித்தது. பறவை மோதியதிலிருந்து ஹட்சன் ஆற்றில் இறங்கும்வரை 208 வினாடிகள்தான் இருந்தன. கேப்டன் செஸ்லி சல்லன்பெர்கரும் துணை விமானி ஜெஃப்ரி ஸ்கைல்ஸும் 155 பேரையும் காப்பாற்றினார்கள். நம் வலது இன்ஜின் நன்றாக ஓடுகிறது, சரி. ஆனால் அதை நம்பி மணிக்கணக்கில் சுற்ற என்ன அவசியம்? சென்னையின் பெரிய ஓடுபாதை 3.6 கிலோமீட்டருக்கு மேல் நீளம். அதிக எடையோடு இறங்குவதற்கென்று தனி செக்லிஸ்ட் இருக்கிறது. இறங்கிய பின் பொறியாளர்கள் சில பரிசோதனைகள் செய்ய வேண்டியிருக்கும், அவ்வளவுதான். இருவரும் ஒரே முடிவுக்கு வந்தோம். எண்களைப் போட்டுப் பார்த்தோம், நீளம் தாராளமாகவே மிஞ்சியது.

பணிப்பெண்ணை அழைத்து நான்கு விஷயம் சொன்னார் கேப்டன்: என்ன ஆனது, என்ன செய்யப்போகிறோம், எவ்வளவு நேரம் இருக்கிறது, தனியாக என்ன கவனிக்க வேண்டும். அவர் அதைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்தார். அப்புறம் பயணிகளுக்கான அறிவிப்பு. ஆங்கிலம், இந்தி, தமிழ் மூன்றிலும் கேப்டனே பேசினார். தமிழில் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது: "ஒரு இன்ஜினை நிறுத்தியிருக்கிறோம். இன்னொரு இன்ஜின் நன்றாக ஓடுகிறது. அதை வைத்தே இறங்க இந்த விமானத்தால் முடியும், எங்களுக்கும் பழக்கம் உண்டு. 15 நிமிடத்தில் சென்னையிலேயே இறங்குவோம். தீயணைப்பு வண்டிகள் நிற்கும், அது வழக்கமான ஏற்பாடு. இருக்கையைவிட்டு எழ வேண்டாம்." வெடிச் சத்தத்தைக் கேட்டவர்களிடம் "தொழில்நுட்பக் காரணம்" என்று சொன்னால் பயம் கூடத்தான் செய்யும். உண்மையைச் சின்ன வாக்கியங்களில் சொன்னால் போதும்.

இறக்கத்தைக் கேப்டன் எடுத்துக்கொண்டார். கட்டுப்பாட்டை வார்த்தையால் கொடுத்து, வார்த்தையால் வாங்கிக்கொண்டோம். வழக்கத்தைவிட வேகம் அதிகம், மணிக்கு 280 கிலோமீட்டருக்கு அருகில். கடற்கரை, அடையாறு, கிண்டி என்று தெரிந்த ஊர் கீழே நகர்ந்தது. தொட்டது தெரிந்தது, கொஞ்சம் அழுத்தமாக. வேகத்தைக் குறைக்க, ஓடுகிற இன்ஜினின் காற்றை முன்பக்கம் திருப்பும் ரிவர்ஸ் ஒரு பக்கம் மட்டும். ஓடுபாதையிலேயே நின்றோம். பிரேக் சூட்டுக்கான எச்சரிக்கை வந்தது. சக்கரத்துக்குப் பக்கவாட்டில் போகாமல் முன்னும் பின்னும் நின்று தீயணைப்பு வீரர்கள் பார்த்தார்கள். தீ இல்லை, எரிபொருள் கசிவு இல்லை என்று அவர்கள் சொல்லும்வரை கதவைத் திறக்கவில்லை. நகர முடியும் என்றால் பயணிகளைச் சறுக்கு வழியாக இறக்க வேண்டியதில்லை. சறுக்கில் கை கால் உடைகிறவர்கள் உண்டு. புறப்பட்டு 34 நிமிடம் ஆகியிருந்தது.

கீழே இறங்கி இன்ஜினைப் பார்த்தேன். விசிறியின் மூன்று இறக்கைகள் இலை நுனி போல மடங்கியிருந்தன. இறகும் ரத்தமும் உள் வளையத்தில் அப்பியிருந்தன. முக்கால் கிலோ எடையுள்ள ஒரு பறவை. மணிக்கு 280 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானம், நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுற்றும் விசிறி. அது ஒன்றும் பாவம் செய்யவில்லை, இரை தேடி வந்தது.

மூச்சுப் பரிசோதனை, வாக்குமூலம், படிவங்கள். குரல் பதிவுக் கருவியின் இணைப்பை உடனே துண்டித்துவைக்க வேண்டும். இல்லையென்றால் பழைய பதிவின் மேல் புதியது பதிவாகிவிடும். இதைக் கேப்டன்தான் நினைவில் வைத்துச் செய்தார். அறிக்கை எழுதும் முன், யாரிடமும் பேசும் முன், எனக்கு நினைவிருந்ததை அப்படியே ஒரு தாளில் குறித்துக்கொள்ளச் சொன்னார். நல்ல யோசனை. மறுநாளைக்குள் அடுத்தவர்கள் சொன்னதும் என் நினைவும் கலந்துவிட்டன.

அன்று இரவு தூங்கவில்லை. என் மனைவி கேட்டபோது இன்ஜினைப் பற்றிச் சொன்னேன், கையைப் பற்றிச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் கேப்டன் போன் செய்தார். "தம்பி, அந்தக் கையைப் பத்தி யோசிச்சுக்கிட்டு இருக்கியா?" என்றார். ஆமாம் என்றேன். "எனக்கும் ஒரு தடவை போச்சு. அதனாலதான் என் கை முன்னாடியே அங்க இருந்துச்சு." வேறு எதுவும் விளக்கவில்லை. அவருக்கு எங்கே, எப்போது என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. அறிக்கையில் என் கை நகர்ந்ததை எழுதினேன். எழுதாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது, யாருக்கும் பயனும் இருந்திருக்காது.

சில வாரம் கழித்துப் பறப்புத் தரவுகளைக் காட்டினார்கள். முதல் வெடிச் சத்தத்திலிருந்து மாஸ்டர் ஸ்விட்ச்சை அணைத்தது வரை 2 நிமிடம் 10 வினாடி. என் நினைவில் அது அரை நிமிடம். சிமுலேட்டரில் நான் இதே வேலையை 50 வினாடிக்குள் முடித்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். அங்கே என்ன வரப்போகிறது என்று முன்பே தெரியும்; சட்டையை மாட்டும்போதே இன்று இன்ஜின் போகும் என்று தெரியும். அந்த வேகத்தை நிஜத்தில் கொண்டுவந்திருந்தால் தவறான லீவர்தான் வேகமாக இழுபட்டிருக்கும்.

இப்போது நான் கேப்டன், சிமுலேட்டரில் இளைஞர்களுக்குப் பயிற்சியும் தருகிறேன். நேரம் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். சொல்லாமல் கொள்ளாமல், வேறு பாடம் நடக்கும்போது நடுவில் இன்ஜினை அணைக்கிறேன். கை லீவருக்குப் போகிறதா என்று மட்டும் பார்க்கிறேன். பத்தில் பல கைகள் போகின்றன. அவர்களிடம் திட்டாமல் சொல்வது இதுதான்: முதலில் காலைக் கேள், பிறகு திரையைக் கேள், பிறகு பக்கத்தில் இருப்பவரைக் கேள். மூன்றும் ஒரே இன்ஜினின் பெயரைச் சொன்னால்தான் கையை நகர்த்து. ஏற்றம் நின்றுபோகாத வரை நேரம் இருக்கிறது. தீ எச்சரிக்கையே வந்தாலும் 400 அடிக்குக் கீழே விமானத்தைப் பறக்கவிடுவதுதான் முதல் வேலை.

பயணிகளுக்கு ஒன்றிரண்டு. இன்ஜின் பின்னாலிருந்து விட்டுவிட்டுத் தீ நாக்கு வந்து சத்தம் கேட்டால், பெரும்பாலும் அது உள்ளே காற்றோட்டம் தடுமாறுவது; விமானம் எரிகிறது என்று அர்த்தமில்லை. எழுந்து அடுத்த பக்க ஜன்னலுக்கு ஓடாதீர்கள். இறங்கச் சொன்னால் பையை விட்டுவிட்டு இறங்குங்கள். மேல்பெட்டியைத் திறக்கும் ஒருவரால் பின்னால் இருக்கும் பத்துப் பேர் நிற்கிறார்கள்.

அந்தப் பருந்துகளைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. விமான நிலையத்தைச் சுற்றிப் பருந்து வருவது இறைச்சிக் கழிவுக்காகவும் குப்பைக்காகவும்தான். 1937-ஆம் ஆண்டு விமான விதிகளில் 91-ஆவது விதி, விமான நிலையத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் பறவைகளை ஈர்க்கும்படி கழிவு கொட்டுவதைத் தடுக்கிறது. அந்த 10 கிலோமீட்டருக்குள் சென்னையில் லட்சக்கணக்கானவர்கள் வாழ்கிறார்கள், அவர்களில் பலருக்கு இப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது.

அந்தச் சம்பவத்துக்கு அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விமான நிலையத்துக்கு அருகே பம்மல் பக்கம் போனேன். ஒரு கறிக்கடைக்குப் பின்னால் காலி மனையில் குடலும் தோலும் கிடந்தன, மேலே ஏழெட்டுப் பருந்து. கடைக்காரர் பாயிடம் பேசினேன். "இதுக்கும் பிளேனுக்கும் என்ன தம்பி சம்பந்தம்?" என்றார், நியாயமான கேள்விதான். போனில் இருந்த விசிறிப் படத்தைக் காட்டினேன். மடங்கிய இறக்கையையும் ஒட்டியிருந்த இறகையும் பெரிதாக்கிப் பார்த்தார். எத்தனை பேர் உள்ளே என்று கேட்டார். 185 என்றேன். கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி படத்தை வாங்கிப் பார்த்தார்.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது கடைக்குப் பின்னால் மூடி போட்ட நீல டிரம் ஒன்று நின்றது, மூடியின் மேல் ஒரு செங்கல். காலி மனையில் காகம்தான் இருந்தது. தலைக்கு மேலே மேற்கு நோக்கி ஒரு விமானம் ஏறிக்கொண்டிருந்தது. பாயும் நானும் அது சின்னதாகும்வரை பார்த்துக்கொண்டு நின்றோம்.